பி.கே.எக்ஸ்: 75 வருஷம் ஆள் தெரியாத ஒட்டுண்ணியும் மீனின் ரத்தமும்

நமக்கு எலும்பு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்குச் சிறுநீரகம் செய்கிறது. சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா, கீழே வரும் கதை சுலபமா புரியும்.

ஜெர்மனியில் மீன் நோய்களை ஆராய்ந்த மரியானே பிளேன், 1924-இல் டிரவுட் மீனின் சிறுநீரகத்தில் அமீபா போன்ற உயிரணுக்களைக் கண்டு எழுதினார். அமீபா மாதிரி இருந்தது, அமீபா என்றே எடுத்துக்கொண்டார். அன்றைய நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஐரோப்பாவில் டிரவுட் பண்ணைகள் பெருகின. கோடை வந்தால் நோயும் வந்தது. மீனின் வயிறு உப்பும், கண் பிதுங்கும், செவுள் வெளுக்கும், சிறுநீரகம் வீங்கும். 1970-களில் 'பெருகும் சிறுநீரக நோய்' என்று பேர் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் பி.கே.டி. கிருமிக்கு பி.கே.எக்ஸ் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. நாம கணக்குல போடுற அதே எக்ஸ்தான். ஆள் யாருன்னு தெரியலை.

1985-இல் கென்ட்டும் ஹெட்ரிக்கும், இது மிக்சோசோவா கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். ஜெல்லிமீனுக்குத் தூரத்துச் சொந்தம்! ஆனால் மீனிலிருந்து மீனுக்கு இது தொற்றுவதில்லை. அப்போ எங்கிருந்து வருது? 1999-இல் விடை கிடைத்தது. ஆற்றுக் கல்லிலும் மர வேரிலும் பாசி போலப் படரும் பிரையோசோவா என்ற சின்ன விலங்குக்குள் அதே ஒட்டுண்ணியின் மரபணு இருந்தது. ஆள் அகப்பட்டுவிட்டது. இன்றைய பேர் டெட்ராகாப்சுலாய்டிஸ் பிரையோசால்மோனே.

ஆள் யார் என்று தேடியதில் 75 வருஷம் போய்விட்டது. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மீனின் ரத்தத்தில் நடப்பதுதான்.

ஒட்டுண்ணி செவுள், தோல் வழியாக நுழைந்து, ரத்தத்தில் மிதந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது. அதாவது, ரத்த அணுக்களின் பிறப்பிடத்திலேயே குடியேறுகிறது. விழுங்கணுக்கள் அதைச் சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. லிம்போசைட்டுகள் பெருகுகின்றன, குறிப்பாக பி அணுக்கள் எதிர்ப்புரதத்தை அள்ளி இறைக்கின்றன. அப்படியும் ஒட்டுண்ணி சீக்கிரம் அடங்குவதில்லை. சண்டைக்கு வந்த அணுக்களின் கூட்டத்திலேயே சிறுநீரகம் வீங்கி, சிறுநீர்க் குழல்கள் நசுங்கி அழிகின்றன. நோயின் பேரில் உள்ள 'பெருகும்' என்ற சொல், பெரும்பகுதி மீனின் சொந்தத் திசு பெருகுவதைத்தான் குறிக்கிறது.

இதற்கிடையில் சிவப்பணு குறைகிறது. ரத்தசோகை. செவுள் வெளுப்பது அதனால்தான். இங்கேதான் வெப்பம் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். அந்த நேரம் பார்த்து ஆக்சிஜனைச் சுமக்க அணு போதவில்லை. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் சாவு கூடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் அதே ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே மீன் நீந்திக்கொண்டிருக்கும். பிழைத்த மீனுக்குச் சிறுநீரகம் மெல்லத் தேறும், மறுபடி தொற்றினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒயிட்ஃபிஷ் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. 183 மைல் நீளத்துக்கு ஆற்றை மூடினார்கள். மீன்பிடி, படகு, குளியல் எதுவும் கூடாது. காரணம் இதே பி.கே.டி. அந்தக் கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைவு, சூடு அதிகம்.

எக்ஸுக்கு விடை கிடைத்து இத்தனை வருஷமாகியும், ஆற்று மீனுக்குக் கொடுக்க மருந்து கிடையாது. மீனைக் காப்பாற்றுவது இப்போதைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். அதுதான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.