பள்ளியைக் கைவிடாத மக்கள்

ஒரு சமுதாயத்தை வீழ்த்த நினைப்போர், முதலில் அதன் பிழைப்பிலும் பிள்ளைகளின் கல்வியிலும் கை வைப்பர். ஜெர்மானிய யூதர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது, அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் யூதர்கள் வாழ்ந்தனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏப்ரல் 1இல் அவர்தம் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. ஏப்ரல் 7ஆம் நாள் சட்டம் யூத ஆசிரியர்களையும் அலுவலர்களையும் அரசுப் பணியினின்று நீக்க வழிசெய்தது. ஏப்ரல் 25ஆம் நாள் சட்டமோ, உயர்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புதிதாகச் சேர்வோருள் யூதர் 1.5 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்றது. வகுப்பறையில் எஞ்சிய பிள்ளைகள் பலர் ஆசிரியராலேயே இழிவுபடுத்தப்பட்டனர். முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு, இச்செய்தியைப் படிக்குந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

தலைவர்கள் என் செய்தனர்? தம்முள் நிலவிய கொள்கை வேறுபாடுகளை ஒதுக்கி வைத்து, அவ்வாண்டு செப்டம்பரில் நாடு தழுவிய பேரவை ஒன்றை நிறுவினர். சமய அறிஞர் லியோ பெக் அதன் தலைவரானார். ஓட்டோ ஹிர்ஷ் நிருவாகத்தை ஏற்றார். வறியோர்க்கு உதவி, தொழிற்பயிற்சி, வெளிநாடு செல்வோர்க்கு வழிகாட்டல், பள்ளிகள் ஆகியவற்றைப் பேரவை கவனித்தது. வேலை இழந்த ஆசிரியர்கள் சமுதாயப் பள்ளிகளில் பாடம் நடத்தினர். மார்ட்டின் பூபர் முதியோர் கல்விப் பணியை முன்னின்று நடத்தினார். பெர்லினில் லியோனோரே கோல்ட்ஷ்மிட் என்னும் ஆசிரியை 1935இல் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அயல்நாட்டில் பிழைக்க ஏதுவாக ஆங்கிலமும் கற்பித்தார்.

குடும்பங்களின் துயரம் வேறு. போவதா, இருப்பதா? முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகக் குருதி சிந்திய தந்தையர், இப்புயல் கடந்துவிடும் என நம்பினர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. போக விரும்பினோர்க்கும் கதவுகள் திறக்கவில்லை. 1938 ஜூலையில் எவியான் நகரில் கூடிய 32 நாடுகளுள் பெரும்பாலானவை அனுதாபம் தெரிவித்தன, இடம் தரவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 9, 10 நாள்களில் தொழுகைக் கூடங்கள் தீக்கிரையாயின. ஏறத்தாழ 30,000 ஆடவர் சிறைப்பட்டனர். நவம்பர் 15இல் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளினின்று முற்றாக விலக்கப்பட்டனர். அதன்பின், 1938 டிசம்பர் முதல் போர் மூளும் வரை, ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பெற்றோரின்றி இரயிலேறிப் பிரிட்டன் சேர்ந்தனர். வழியனுப்பிய பெற்றோருள் பலர் தம் மக்களை மீண்டும் காணவேயில்லை.

1942இல் எஞ்சிய யூதப் பள்ளிகளும் மூடப்பட்டன. ஹிர்ஷ் 1941இல் வதைமுகாமில் மாண்டார். வெளியேற வாய்ப்பிருந்தும் மக்களைப் பிரியாத பெக், 1943இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், அங்கும் கைதிகளுக்குச் சொற்பொழிவாற்றினார், உயிர் பிழைத்தார். ஐரோப்பாவில் மாண்ட யூதர் ஏறத்தாழ அறுபது இலட்சம்.

அப்பள்ளிகள் பேரழிவைத் தடுக்கவில்லை என்பது மெய்யே. எனினும், தப்பிச் சென்றோர்க்கு அங்குக் கற்ற மொழியும் தொழிலும் வாழ்வளித்தன. செல்லாதவர்க்கு அவை இறுதிவரை மானம் காத்தன. இளைஞர்களே, ஒற்றுமையும் கல்வியும் நம் கையில் உள்ளவை, அவற்றைப் பேணுக. ஆனால் சட்டத்தின் காவலும் அண்டை வீட்டாரின் மனச்சான்றும் இன்றி, சிறுபான்மையோர் முயற்சி மட்டும் போதாது. ஆகவே, பிறர் பிள்ளை பள்ளியினின்று விரட்டப்படும் நாளிலும் நாம் வாய் திறத்தல் வேண்டும்.