‘இன் யூட்டரோ’வின் பாடபேதங்கள்

நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தை 2003இல் யுனிவர்சல் நிறுவனம் ஐரோப்பாவில் மீண்டும் வினைல் தட்டாக அச்சிட்டது. பட்டியல் எண் 424 536-1. மூல மாஸ்டர் நாடாக்களிலிருந்து எடுத்தது என்று உறைமேல் ஓர் ஒட்டுச்சீட்டு. தட்டைச் சுழலவிட்டுக் கேட்ட ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். பத்தாண்டுகளாகப் பழகிய ஆல்பம்தான், பாடல்களும் அதே பாடல்கள்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் கலவை வேறாக இருந்தது. ஏன் இப்படி என்று உறையில் ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தட்டு இவ்வளவு பேச்சுக்கு இடமானதற்குக் காரணம், 1993 முதலே ரசிகர்களிடையே உலவிவந்த ஒரு கதை. ஸ்டீவ் ஆல்பினி பதிவுசெய்து கொடுத்த முரட்டு வடிவத்தைக் குழுவின் இசை வெளியீட்டாளரான டிஜிசி நிறுவனம் பதுக்கிவிட்டது, நமக்குக் கிடைத்தது மழுங்கடித்த வடிவம் என்பதே அந்தக் கதை. 2003ஆம் ஆண்டுத் தட்டு அதற்குச் சான்றாகுமா? ஆவணங்களை வரிசைப்படி வைத்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல் வந்த விரிவாக்கப்பட்ட மறுவெளியீடு அந்த ஆவணங்களில் பெரும்பகுதியை ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தது.

அதற்குமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. டிரம்ஸ், பேஸ், கிதார், குரல் ஆகியவை அகன்ற நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிகின்றன. அவற்றில் எது முன்னால் நிற்பது, எது பின்னால் ஒதுங்குவது என்று தீர்மானித்து இரண்டு தடங்களாகச் சுருக்குவது கலவை. தொழிலில் மிக்ஸ் என்பார்கள். அப்படி முடிந்த கலவையை எடுத்து, தட்டுக்கு ஏற்றபடி அதன் மொத்த ஒலியளவையும் தாழ்ந்த, உயர்ந்த சுரங்களின் சமநிலையையும் சீர்செய்வது மாஸ்டரிங். மாஸ்டரிங்கில் குரலைச் சற்றுத் தூக்கலாகக் கேட்கச் செய்யலாம். ஒரு கிதாரைத் தனியாகப் பிரித்து நகர்த்த முடியாது, இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் முடியாது. இந்த வழக்கின் திறவுகோல் இந்த வேறுபாடுதான்.

முதல் ஆவணம் ஒரு கடிதம். 1992 நவம்பரில் ஆல்பினி குழுவுக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம் அது; 2013ஆம் ஆண்டுப் பெரும்பெட்டியில் அச்சாகியிருக்கிறது. ஆல்பத்தைச் சில நாட்களில் முடித்துவிட வேண்டும், நிறுவனத்தார் குறுக்கிடக் கூடாது, விற்பனையில் பங்கு வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்கிறார். பேசிய தொகை 1,00,000 டாலர். குழுவின் முந்தைய ஆல்பமான நெவர்மைண்ட் அப்போது உலகெங்கும் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் அடுத்த ஆல்பத்தில் பங்கை மறுப்பது எவ்வளவு பெரிய தொகையை விட்டுக்கொடுப்பது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அந்தக் கடிதத்தை எழுதியவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் தயாரிப்பாளர் என்று வராமல் பதிவுசெய்தவர் என்று வருவதும் இந்தக் கொள்கையால்தான்.

1993 பிப்ரவரியில் மினசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் ஊரில், பேக்கிடெர்ம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தது. கூடத்தை முன்பதிவு செய்தது ‘சைமன் ரிச்சி குரூப்’ என்ற பெயரில். அது செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸின் இயற்பெயரிலிருந்து எடுத்தது. நிர்வாணா என்று தேடிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். பதிவும் கலவையும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டன. டேவ் குரோலின் டிரம்ஸைச் சுற்றி முப்பதுக்கு அருகில் ஒலிவாங்கிகள். ‘வெரி ஏப்’, ‘டூரெட்ஸ்’ பாடல்களுக்கு டிரம்ஸைக் கூடத்தின் சமையலறையிலேயே கொண்டுபோய் வைத்தார்கள், அந்த அறையின் இயல்பான எதிரொலிக்காக. இந்த ஆல்பத்தின் இரைச்சல் என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு சுவர்களும் காற்றும் தந்தது.

அடுத்து வருபவை பத்திரிகைச் சான்றுகள். நிறுவனத்துக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்று ஆல்பினி சொன்னதை ஏப்ரலில் சிகாகோ டிரிப்யூன் இதழில் கிரெக் காட் எழுதினார். அடுத்த மாதம் நியூஸ்வீக் இதழும் அதைக் கையிலெடுத்தது. அதை மறுத்துக் குழு நியூஸ்வீக்குக்கு எழுதிய கடிதம் பில்போர்ட் இதழில் முழுப்பக்க விளம்பரமாகவும் வந்தது. யாரை நம்புவது? ஆல்பினி சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர், ஆனால் கோபத்தில் இருந்தவர். குழு சொன்னது முதல் நபர் வாக்குமூலம், ஆனால் ஊர் பார்க்க விளம்பரமாக வந்த வாக்குமூலம். இரண்டையும் முழுதாக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, நாடாக்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே முறை.

நாடாக்கள் சொல்வது இது. ஆல்பத்துக்கு மாஸ்டரிங் செய்தவர் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் பாப் லட்விக். பிறகு 1993 மே மாதம் சியாட்டிலின் பேட் அனிமல்ஸ் கூடத்தில் ஸ்காட் லிட், ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ ஆகிய இரண்டு பாடல்களுக்கு மட்டும் புதிய கலவை செய்தார். செப்டம்பரில் வெளியான ஆல்பத்தில் பாடல்கள் 12. ஆக, ஆல்பினியின் கலவையை மாற்றியது இரண்டில் மட்டுமே.

அந்த இரண்டின் 1993ஆம் ஆண்டு ஆல்பினி கலவைகளும் 2013 வெளியீட்டின் முதல் குறுந்தகட்டில் கடைசியாக இருக்கின்றன. ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’ பாடலின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஆல்பினியின் வடிவத்தில், நடுவில் வரும் தனிக்கிதார்மேல் அதிர்ந்து குழையும் ஓர் ஒலிவிளைவு ஏறியிருக்கிறது. பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக்குக்கு அது பிடிக்கவேயில்லை. லிட்டின் வடிவத்தில் அந்த விளைவு இல்லை. குழுவின் பாடகர் கர்ட் கோபேன் புதிதாகச் சேர்த்த துணைக்குரலும் அக்கூஸ்டிக் கிதாரும் அதில் இருக்கின்றன. அந்தக் குரலைக் கேட்டபின் பதுக்கல் கதையை முன்போல் என்னால் நம்ப முடியவில்லை. நிறுவனத்திலிருந்து அழுத்தம் இருந்திருக்கலாம். ஆனால் பாடலை மாற்றியவர்களில் அதை எழுதியவரும் ஒருவர்.

இப்போது 2003ஆம் ஆண்டுத் தட்டுக்குத் திரும்பலாம். ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஆல்பத்துக்காக லிட் தொட்டவை இரண்டே பாடல்கள் என்றால், அந்தத் தட்டில் அவற்றுக்கு அப்பாலும் பல பாடல்கள் ஏன் வேறாக ஒலிக்கின்றன? லட்விக்கின் மாஸ்டரிங் இல்லாததால் என்று ஒரு விடை தோன்றும். அது பாதி விடை. ஒரு கருவி மட்டும் இடம்பெயர்ந்திருந்தால் அது மாஸ்டரிங்கின் வேலையாக இருக்க முடியாது. வேறொரு கலவை நாடா இருந்தாக வேண்டும். அதாவது, ஆல்பினியின் கலவை என்று நாம் ஒருமையில் பேசி வந்ததே ஒன்றுக்கு மேற்பட்டது. என் அனுமானம் இதுதான். இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

2013 பெட்டியில் ஆராய்ச்சியாளரைத் தடுக்கிவிடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. இரண்டாம் குறுந்தகட்டில் 12 பாடல்களுக்கும் ஆல்பினி கலவை இருக்கிறது. மறைந்திருந்த மூலம் இதுவே என்று கொண்டாடியவர்கள் பலர். ஆனால் அது 2013இல் ஆல்பினி பழைய தடங்களிலிருந்து புதிதாகச் செய்தது. ‘சர்வ் தி சர்வண்ட்ஸ்’ பாடலில் வரும் தனிக்கிதார்கூட நமக்குப் பழகிய வாசிப்பு அல்ல, அன்று பயன்படுத்தாமல் விட்ட இன்னொன்று. மிகச் சுவையான பாடபேதம்தான், அதன் காலம் மட்டும் 2013. 1993இல் ஆல்பினி என்ன நினைத்தார் என்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

ஒத்திகைப் பதிவுகள் இன்னொரு நம்பிக்கையைத் திருத்துகின்றன. நெவர்மைண்ட் கொண்டுவந்த புகழுக்கு எதிரான கோபத்தில் பிறந்ததே இந்த ஆல்பம் என்று எழுதுவது வழக்கம். 2013 பெட்டியில் உள்ள ‘ஆல் அப்பாலஜீஸ்’ முன்வடிவம் மியூசிக் சோர்ஸ் கூடத்தில் 1991 புத்தாண்டு நாளன்று பதிவானது. நெவர்மைண்ட் பதிவு தொடங்கியதே அதே ஆண்டு மே மாதத்தில்தான்! ‘டம்’ பாடலைக் கோபேன் 1990 செப்டம்பரிலேயே ஒலிம்பியாவின் கேஏஓஎஸ் வானொலியில் பாடிவிட்டார். ‘சாப்பி’யின் கதை இன்னும் நீளம். 1990இல் தயாரிப்பாளர்கள் ஜாக் எண்டினோவிடமும் பிறகு புட்ச் விக்கிடமும், 1991இல் நெவர்மைண்ட் அமர்விலும், கடைசியாக 1993இல் ஆல்பினியிடமும் என்று குழு அதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தது. அப்படியும் ஆல்பத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ‘நோ ஆல்டர்னேட்டிவ்’ என்ற தொகுப்பில் பெயர்கூட அச்சிடப்படாத பாடலாக அது வெளிவந்தது. விடாமல் செதுக்கிய ஒரு பாடலாசிரியரைத்தான் இந்தத் தேதிகளில் பார்க்கிறேன். கோபத்தை மட்டும் பேசுகிற கட்டுரைகளில் அவர் காணாமல் போகிறார்.

ஆல்பம் வெளியானபின், அதிலுள்ள ‘பென்னிராயல் டீ’ பாடலுக்கும் லிட் 1993 நவம்பரில் புதிய கலவை செய்தார். தனிப்பாடலாக வெளியிட எண்ணிச் செய்தது அது. 1994 ஏப்ரலில் கோபேன் இறந்ததும் அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, மார்ச்சில், வால்மார்ட், கேமார்ட் கடைகளுக்காகப் பின்னட்டைப் படத்தை மாற்றி, ‘ரேப் மீ’ என்ற தலைப்பை ‘வேஃப் மீ’ என்று திருத்தி ஆல்பத்தின் ஒரு பதிப்பு வந்திருந்தது; லிட்டின் இந்தக் கலவை அதில் இருந்தது. சேகரிப்பாளர்கள் அதைக் கையால் தொட விரும்பியதில்லை. குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பு வரும்வரை இந்த அரிய கலவையைக் காத்துவைத்திருந்தது அந்தத் தணிக்கைப் பதிப்புதான்.

முப்பதாம் ஆண்டுப் பெட்டி 2023 அக்டோபரில் வந்தது. மூல நாடாக்களிலிருந்து புதிய மாஸ்டரிங் செய்தவர் பாப் வெஸ்டன், பேக்கிடெர்மில் ஆல்பினிக்கு உதவியாளராக இருந்தவர். மொத்தம் 72 பதிவுகளில் 53 அதுவரை வெளிவராதவை. அவை 1993 டிசம்பர் லாஸ் ஏஞ்சலஸ், 1994 ஜனவரி சியாட்டில் உள்ளிட்ட மேடை நிகழ்ச்சிகளின் பதிவுகள். அளவில் பெரிய பதிப்பு என்பதால் முந்தையதை விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் பாடல் பட்டியலை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். லிட் மாற்றிய அந்த இரண்டு பாடல்களின் 1993ஆம் ஆண்டு ஆல்பினி கலவைகளும், ஆல்பினியின் 2013 கலவைகளும் அதில் இல்லை. அவற்றுக்கு 2013 வெளியீட்டைத்தான் நாட வேண்டும்.