செனற் சபையில் ஒரு வாக்கு: எட்மண்ட் றொஸ்

ஒரு மன்றில் அமர்ந்தோனின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கும். ஒன்று அவன் பேசிய பேச்சு. மற்றொன்று அவன் அளித்த வாக்கு. பேச்சு கேட்போரின் மனப்பாங்கிற்கேற்ப வளைந்து கொடுக்கும். வாக்கோ பதிவேட்டில் ஏறியபின் மாறுவதில்லை. ஆதலின் வாக்கே ஐயத்திற்கிடமற்ற சான்று எனக் கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனற் சபையிலே 1868ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலப் பிரதிநிதி எட்மண்ட் றொஸ் அளித்த வாக்கினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம்.

1865ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது உபசனாதிபதியாயிருந்த அன்ரூ ஜோன்சன் சனாதிபதியானார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த காலம் அது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியியல் உரிமைகளையும் பாதுகாப்பையும் அளித்தல் வேண்டும் என்பது காங்கிரசில் மேலோங்கி நின்ற குடியரசுக் கட்சியினரின் நிலை. ஜோன்சனோ தென்மாநிலங்களின் பழைய ஆட்சியாளர்க்கு இரங்கினார்; அம்மக்களின் உரிமைகளைக் காக்கவெழுந்த சட்டங்களை அடுத்தடுத்து மறுத்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் அம்மறுப்புக்களை மீறிச் சட்டங்களை நிறைவேற்றிற்று.

அவ்வாறு 1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறைவேறியதொன்றே பதவிக்காலச் சட்டம். செனற் சபையின் சம்மதத்தோடு நியமனம் பெற்ற அதிகாரிகளை அச்சபையின் சம்மதமின்றிச் சனாதிபதி நீக்கலாகாது என்பது அதன் சாரம். போர் அமைச்சர் ஸ்ரான்ரன் காங்கிரசின் பக்கம் நின்றவர். அவரை ஜோன்சன் 1868 பெப்ரவரி 21இல் நீக்கினார். மூன்று நாட்களுள், பெப்ரவரி 24இல், பிரதிநிதிகள் சபை 126 வாக்குகளுக்கு எதிராக 47 என்ற கணக்கில் அவர்மீது குற்றப் பிரேரணை நிறைவேற்றியது. பின்னர் பதினொரு குற்றச்சாட்டுக்கள் வகுக்கப்பட்டன. அவற்றை விசாரித்துத் தீர்க்கும் மன்று செனற் சபை. தலைமை வகித்தவர் பிரதம நீதியரசர் சேஸ்.

அக்காலச் செனற் சபையில் 27 மாநிலங்களைச் சேர்ந்த 54 உறுப்பினர் இருந்தனர். குற்றவாளியெனத் தீர்க்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வாக்குகள் வேண்டும். விடுவிக்க 19 வாக்குகள் போதும். சனநாயகக் கட்சியினரும் சனாதிபதியின் ஆதரவாளருமாகப் பன்னிருவர் ஜோன்சன் பக்கம் நிற்பர் என்பது தெரிந்ததே. ஆகவே குடியரசுக் கட்சியினருள் எழுவர் பிரிந்தாலன்றி அவர் தப்புதல் இயலாது. உபசனாதிபதி பதவி வெறுமையாயிருந்தமையின் அவர் நீங்கினால் செனற் சபையின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட் அப்பதவியை ஏற்பார். இதுவும் சிலர் மனத்தில் தடையாயிற்று.

றொஸ் 1826இல் ஒகையோ மாநிலத்திற் பிறந்தவர்; அச்சுத்தொழில் பயின்று பத்திரிகையாளரானவர். 1856இல், அடிமை முறைக்கு இடமளிப்பதா என்னும் பூசல் மிக்கிருந்த கன்சாசிற்குக் குடிபெயர்ந்து, அடிமை முறையை எதிர்த்தோருடன் சேர்ந்தார். போரில் ஒன்றியப் படையில் மேஜராகப் பணிபுரிந்தார். 1866இல் கன்சாஸ் செனற்றர் லேன் இறந்தபோது ஆளுநர் அவ்விடத்துக்கு றொசை நியமித்தார். மறுவருடம் மாநிலச் சட்டசபை அவரைத் தெரிவுசெய்தது. சபையில் அவர் சனாதிபதியின் கொள்கையை எதிர்த்தோர் அணியிலேயே இருந்தார். எனவே அவருடைய வாக்குக் குற்றத்தீர்ப்புக்கே கிடைக்குமெனக் கட்சியினர் நம்பினர். ஆனால் விசாரணை முடிவை நெருங்கியும் அவர் தம் கருத்தை வெளியிடவில்லை. கன்சாசிலிருந்து தந்தி மேல் தந்தி வந்தது. பக்கச்சார்பின்றி நீதி வழங்குவதாகத் தாம் ஆணையிட்டிருப்பதால், இவ்வாறே வாக்களிக்குமாறு கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லையென அவர் விடையிறுத்தார்.

மே 16இல் பதினோராவது குற்றச்சாட்டு முதலில் வாக்குக்கு விடப்பட்டது. நோயுற்றிருந்த கிறைம்சைத் தூக்கிவந்து சபையில் இருத்தினர். பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி அழைக்கப்பட்டன. றொஸ் எழுந்து, குற்றவாளியல்லர் என்றார். முடிவு 35க்கு 19. ஒரு வாக்கினால் ஜோன்சன் தப்பினார். சபை பத்து நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. மே 26இல் இரண்டாம், மூன்றாம் குற்றச்சாட்டுக்களும் அதே 35க்கு 19 என்ற கணக்கில் தோற்றன. அத்துடன் விசாரணை முடிவுற்றது.

கட்சியை விட்டுப் பிரிந்த எழுவர் பெசென்டன், பவுலர், கிறைம்ஸ், ஹென்டர்சன், றொஸ், திரம்புள், வான் விங்கிள் என்போர். இவர்களுள் எவரும் மீண்டும் செனற் சபைக்குத் தெரிவாகவில்லை. றொஸ் 1871இல் பதவியிழந்தார். ஜோன் கெனடி 1956இல் வெளியிட்ட நூலொன்றில் அவரை மனத்துணிவிற்கு இலக்கணமாக்கினார். அதுமுதல் நாட்டைக் காத்த ஒற்றை வாக்கு என்னும் புகழ் றொசின் பெயருடன் ஒட்டிக்கொண்டது.

எனினும் பதிவேட்டை ஊன்றி நோக்குவார்க்கு இப்புகழின் ஒரு பகுதி ஆட்டங்காணும். முதலாவதாக, 19 வாக்குகளும் சமமானவை; அவற்றுள் எதனை நீக்கினும் முடிவு மாறியிருக்கும். றொசுக்குப் பின்னரே திரம்புளும் வான் விங்கிளும் வாக்களித்தனர். ஆகவே றொசின் வாக்கு மட்டும் தீர்மானித்தது என்பது எண்கணக்கிற்குப் பொருந்தாது. அவருடைய வாக்குக் கடைசிவரை தெரியாதிருந்தமையே அதற்குத் தனிச்சிறப்பை அளித்தது.

இரண்டாவதாக, விசாரணை முடிந்த சில வாரங்களுள் றொஸ் தம் நண்பர்களுக்குப் பதவி வேண்டிச் சனாதிபதிக்குக் கடிதங்கள் எழுதினார். 1867ஆம் ஆண்டுத் தெரிவில் தமக்குத் துணைநின்ற பெரி புல்லர் என்னும் வணிகரை உள்நாட்டு வருமான ஆணையாளராக்க முயன்றார். ஜோன்சன் நியமிக்கச் செனற் சபை மறுத்தது. பின்னர் அவருக்கு நியூ ஓர்லியன்ஸ் சுங்கத் தலைமை கிடைத்தது. வாக்குக்காகப் பணம் கைமாறியதா எனப் பிரதிநிதிகள் சபை விசாரித்தும் றொசுக்கெதிரான முடிந்த சான்று காணப்படவில்லை. ஆயினும் பெற்ற கைம்மாறுகளை மறைத்து வரைந்த தியாகச் சித்திரம் முழுமையானதன்று.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது. ஜோன்சன் பதவியில் நிலைத்ததனால் பயன்பெற்றோர் யார், இழந்தோர் யார் என்னும் வினாவை அப்புகழுரைகள் எழுப்புவதில்லை. அவ்விசாரணை ஓர் அமைச்சரின் பதவியைப் பற்றியது மட்டுமன்று; விடுதலை பெற்றோர் உரிமைகளைக் காக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டிய ஆட்சித் தலைவர் அவற்றைத் தடுக்கலாமா என்பதே அதன் அடியில் கிடந்த பிரச்சினை. துணிவை மட்டும் புகழ்ந்தோர் அம்மக்களை மறந்தனர்.

மறுபுறம், சட்டநெறி பற்றி றொஸ் முதலியோர் கொண்ட ஐயம் வீணானதுமன்று. பதவிக்காலச் சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. அத்தகைய சட்டம் அரசமைப்பிற்கு முரணென உச்ச நீதிமன்றம் 1926இல் மையர்ஸ் வழக்கிற் கூறிற்று. கொள்கை வேற்றுமைக்காகச் சனாதிபதியை நீக்குதல் ஆகாது என்னும் எண்ணமும் அத்தீர்ப்பினால் வலுப்பெற்றது. பின்னர் 1999, 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடந்த சனாதிபதியர் மீதான விசாரணைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிட்டவில்லை.

பிற்காலத்தில் சனநாயகக் கட்சியிற் சேர்ந்த றொஸ் 1885 முதல் 1889 வரை நியூ மெக்சிக்கோவின் ஆளுநராயிருந்து 1907இல் இறந்தார். ஒரே செயலினுள் மனச்சான்றும் தன்னலமும் ஒருங்கே உறைதல் கூடும் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. வாக்குப் பதிவேடு ஒருவன் என்ன செய்தான் என்பதை ஐயமின்றிச் சொல்லும். ஏன் செய்தான் என்பதைச் சொல்லாது. அக்காரணத்தைக் கடிதங்களிலும், அதன் பயனை அவ்வாக்கினால் வாழ்ந்தோர் தாழ்ந்தோர் நிலையிலும் தேடுதல் வேண்டும். அவ்வாறு தேடாது, ஒருவனைத் தெய்வமாக்கலும் கயவனாக்கலும் வரலாறு ஆகா.