அட்டையிலிருந்து இரட்டைக் கம்பிக்கு

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கரையில் விழும் மயிலும் யாளியும், எந்தப் பாவு இழை எப்போது மேலெழ வேண்டும் என்னும் கட்டளைகளின் வரிசையே ஆகும். அக்கட்டளைகளைத் தறியிடம் சேர்த்த முறைகளின் வரலாறும், ஆலைகளில் அளவுக் கருவிகளை இணைக்கும் தொடர்முறைத் தகவல் நெறிமுறைகளின் வரலாறும் ஒரே சிக்கலைத் தீர்க்க முயன்று வளர்ந்தவை.

முன்னாளில் அடை என்னும் முறை வழங்கியது. வடிவம் முழுவதும் கயிறுகளில் கட்டி வைக்கப்பட, ஊடை பாய்வதற்கு முன் உதவியாளர் உரிய கயிறுகளை முறைப்படி இழுத்துக் கொடுப்பார். பிரான்சின் லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய பொறி பிற்காலத்தில் காஞ்சித் தறிகளின் மேல் ஏறியபோது, அந்த வேலையைத் துளையிட்ட அட்டைகள் ஏற்றன. 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டில் அட்டை வந்து ஊசிகளின்மேல் அழுந்தும்போது, துளை உள்ள இடத்து ஊசி உட்புகுவதால் அதன் கொக்கி நிமிர்ந்து நின்று, மேலேறும் தகட்டில் மாட்டி இழையைத் தூக்கும்; துளையற்ற இடத்து ஊசி பின்தள்ளப்பட, அதன் கொக்கி சாய்ந்து கீழேயே தங்கும். 240 கட்டளைகளும் ஒரே கணத்தில், தத்தமக்குரிய தனி வழியே செல்கின்றன, இதுவே இணைமுறை.

ஆலைகளிலும் தொடக்கத்தில் இந்நிலையே இருந்தது. வெப்பத்தையோ அழுத்தத்தையோ அளக்கும் ஒவ்வொரு கருவியிலிருந்தும் கட்டுப்பாட்டு அறைக்குத் தனித்தனி இரட்டைக் கம்பி ஓடியது. அதில் 4 மில்லிஆம்பியர் பாய்ந்தால் அளவு மிகக் குறைவு, 20 பாய்ந்தால் மிக உயர்வு. கருவிகள் நூறானால் கம்பி இணைகளும் நூறு. இதற்கான மாற்று தந்தித் துறையில் முன்பே தோன்றியிருந்தது: எமில் போதோ 1874-இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து குறிகளாகப் பிரிந்து ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றது. அவ்வழியில் 1960-இல் ஆர்எஸ்-232 தரமும் 1983-இல் ஆர்எஸ்-485 தரமும் வந்தன. பின்னது, முறுக்கிய இரு கம்பிகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டையே செய்தியாகக் கொள்வதால், அருகிலுள்ள மோட்டாரின் மின்னிரைச்சல் இரண்டையும் ஒருசேரத் தாக்கினாலும் வேறுபாடு பெரிதும் குலையாது; ஏறத்தாழ 1200 மீட்டர் தொலைவுக்கு 32 கருவிகள் ஒரே தடத்தில் இணைய முடிந்தது.

கம்பி வழியை மட்டுமே தரும். யார் எப்போது பேசுவது என்பதை வகுப்பது நெறிமுறை. 1979-இல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறையில் தலைமைக் கருவி கேட்கும். எண் சொல்லி அழைக்கப்பட்ட கருவி மட்டுமே விடை தரும். ஓர் அளவைக் கேட்க எட்டு பைட்டுகளே போதும்: முதலாவது கருவியின் எண், அடுத்தது, பதிவேட்டைப் படிக்க வேண்டுமானால் 3 என்னும் கட்டளை, பின்வரும் நான்கும் எந்தப் பதிவேட்டிலிருந்து எத்தனை என்பதைக் குறிக்கும், கடைசி இரண்டும் வழியில் நேர்ந்த பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இக்கேள்வி நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சரிபார்ப்பு எண் பொருந்தாவிடில் கருவி விடையளிக்காது. தவறான விடையைவிட இந்த மௌனம் மேலானது. நாற்பதாண்டுகள் கடந்தும் மோட்பஸ் நிலைத்திருப்பதற்கு அதன் எளிமை பாதிக் காரணம். எவரும் பயன்படுத்தும்படி அது வெளிப்படையாக வைக்கப்பட்டது மறுபாதி.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய காலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெருகிய ஆலைகள் இத்தகைய தடங்களின் காலத்தில் பிறந்தவை. அண்மையில் அதே நுட்பம் தறிக்கும் வந்துள்ளது. மின்னணு ஜக்கார்டில் வடிவம் கம்பி வழியே பிட் பிட்டாக வந்து நினைவகத்தில் நிறைந்தபின், மின்காந்தங்கள் கொக்கிகளை ஒருசேரத் தேர்கின்றன. வருகை தொடர்முறை, தூக்குதல் இணைமுறை.

பழைய அட்டையைக் கையில் எடுத்து, துளைகளைப் பார்த்தே வடிவத்தை மீட்டுவிடலாம். மின்னணுக் கோப்புகளோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகின்றன. பொறி பழுதானால் வடிவமும் அதனோடு முடங்கக்கூடும். ஆகவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பொறி வாங்கும்போதே, வடிவங்கள் வெளிப்படையான கோப்புமுறையிலும் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். பழைய அட்டைக் கட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாமல் காக்க வேண்டும்.