துவர்ப்பு நாக்கைக் கவ்வும்

உரித்த ஆவாரம்பட்டையைக் கட்டு கட்டும் முன்னால் என் ஆயா ஒரு துணுக்கைக் கடித்துப் பார்ப்பாள். நாக்கு சுருங்கி மேலண்ணத்தில் ஒட்டினால் முகம் மலரும். "கவ்வுதுடா, இது தோலையும் கவ்வும்" என்பாள். ஆம்பூர் மலையடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வருமானம். ஆயா ஓட்டிப்போகும் ஆடுகள் ஒன்று; ஆடுகள் மேயும் நேரத்தில் அவள் உரிக்கும் பட்டை இன்னொன்று.

சித்திரையில் புல் வேரோடு கருகிக் கிடக்கும். மந்தைவெளியில் பச்சையாக நிற்பது ஆவாரை மட்டும்தான். பசித்த ஆடு அதை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும். அது ஏன் என்று கேட்ட என்னிடம், "ஆட்டுக்கும் நாக்கு இருக்குதில்ல?" என்றாள். பின்னாளில் கால்நடை ஆய்வாளராகி, ஊர் ஊராக ஆடுமாடுகளுக்கு மருந்து கொடுத்துத் திரிந்தபோதுதான் அந்த பதிலின் ஆழம் எனக்குப் புரிந்தது.

பட்டையிலும் இலையிலும் இருக்கும் டானின் புரதத்தைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். வாயில் எச்சிலின் புரதத்தைப் பற்றும்போது அது துவர்ப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கி வந்த பச்சைத்தோலின் நார்களைப் பற்றும்போது அது பதனிடுதல். அதன் பிறகு தோல் அழுகாது. செடி தன்னை மேய்ச்சலிலிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் சரக்குதான் தோல் பதனிடும் ஷாப்பின் மூலப்பொருள். ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து மற்றதெல்லாம் அழிந்த தரிசிலும் ஆவாரை தழைத்தது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் முதலாளிகளுக்கும் கப்பல்களுக்கும் இடம் இருக்கிறது. வாய் வைக்காமல் விட்ட ஆட்டுக்கும், அதைப் பார்த்துப் பட்டை உரித்த பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பாலாற்றங்கரைத் தோலுக்குச் சென்னைத் துறைமுகம் அருகில் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, அரைகுறை வேலையோடு லண்டன் போன மாட்டுத்தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக அது போனது.

பட்டைத் தொட்டி வேலையில் அவசரம் கூடாது. பழைய, நீர்த்த பட்டைத்தண்ணீரில் தோலை முதலில் போடுவார்கள். நாள் செல்லச் செல்லத்தான் புதுப்பட்டையின் கெட்டித் தண்ணீர். எடுத்தவுடன் கெட்டியில் போட்டால் மேற்பரப்பு இறுகிப்போய், உள்ளே சாறு இறங்காது. ஆவாரையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு: வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதனால்தான் கடைசியில் கடுக்காய்த் தொட்டி. கடுக்காயிலும் டானின்தான், ஆனால் வேறு வகை. சிவப்பைத் தடுத்து இளமஞ்சள் கொடுக்கும். நம் மொழியில் 'துவர்' என்றால் சுவையும் உண்டு, சிவப்பும் உண்டு. துவரிதழ் என்றும் துவராடை என்றும் சொல்வது அதனால்தான். ஒரே சொல்லில் இரண்டையும் வைத்தவர்கள் இந்தச் சிவப்பையும் கண்டிருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

ஆவாரையில் டானின் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையில் 30-க்கும் மேல். நம் பட்டை பின்தங்கியது. 1946-இல் இனவெறியை எதிர்த்து இந்தியா அந்நாட்டோடு வணிகத்தை நிறுத்தியபின், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் வாட்டில் நட்டார்கள். அந்தப் புல்லை மேய்ந்துகொண்டிருந்த தோடர்களின் எருமைகளுக்குப் போன இடம் முழுதாகத் திரும்பவில்லை. 1973-இல் அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் குரோம் பதனிடுதலுக்கும் காலணிக்கும் திரும்பின. ஆயாவின் பட்டைக்கட்டைக் கேட்க ஆள் குறைந்தது.

ஆனால் கால்நடைக்கு டானின் எதிரி மட்டுமல்ல. கோடையில் ஆயா துரட்டியால் கருவேல நெற்று உலுக்குவாள். ஆடுகள் ஓடிவந்து பொறுக்கும். அதிலும் துவர்ப்பு உண்டு. அளவோடு கொடுத்தால் டானின், தீவனப் புரதத்தை முதல் வயிற்றில் வீணாகாமல் பிடித்து வைத்து, நாலாம் வயிற்றின் புளிப்பில் விட்டுவிடும். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவையும் ஒடுக்கும். தீவனத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கைத் தாண்டினால் ஆடு தின்பது குறையும், இளைக்கும். நெற்றை ஒரேயடியாகக் கொட்டாமல் கைப்பிடி கைப்பிடியாக ஆயா போட்டதற்கு அர்த்தம் இருந்தது. பட்டைத் தொட்டிக்காரரும் அதே பொறுமையில்தான் வேலை செய்தார்.

எல்லாச் செடியும் டானினால் மட்டும் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. உன்னிச்செடியில் இருப்பது வேறு சரக்கு. வறட்சியில் வேறு வழியில்லாமல் அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். பிறகு வெயில் பட்ட இடமெல்லாம் வெந்ததுபோல் வெடிக்கும். வெள்ளைத்தோல் இருக்கும் மூக்கிலும் மடியிலும்தான் அதிகம். இத்தனை வருடத்தில் அப்படி வந்த மாடுகளை நிழலில் கட்டச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன். சிலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

போன மாசியில் ஆயாவின் மேய்ச்சல் இடத்துக்குப் போனேன். வெட்டுவார் இல்லாமல் ஆவாரை என் தலைக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு கிளையை ஒடித்து, பட்டையைக் கீறி, நாக்கில் வைத்தேன். கவ்வியது.