வீட்டுக்குள் அலுவலகம்: தீப்பாதுகாப்புச் சட்டம் எங்கே தொடங்குகிறது?

கனடாவின் ரொறன்ரோ பெருநகரப் பகுதியில், குறிப்பாகத் தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோ, மார்க்கம் போன்ற இடங்களில், குடியிருக்கும் வீடே தொழிலிடமாகவும் அமைவது புதிதல்ல. வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுப்போர், வீட்டுக்கடன் மற்றும் காப்புறுதி முகவர்கள், குடிவரவு ஆலோசகர்கள், மாலைநேர வகுப்பு நடத்துவோர் எனப் பலர் தமது வீட்டின் ஓர் அறையையோ, பேஸ்மென்ட் என்று பேச்சில் வழங்கும் நிலக்கீழ்த் தளத்தையோ அலுவலகமாகப் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய வீடுகளில் ஸ்பிரிங்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான்களைப் பொருத்த வேண்டியது சட்டக் கட்டாயமா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. இதற்கான சுருக்கமான பதில் 'இல்லை' என்பதே. ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டட விதிக்கோவை, தனி வீடுகளுக்கும் இணை வீடுகளுக்கும் நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கவில்லை. 2025 ஜனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய விதிக்கோவையும் இந்நிலையை மாற்றவில்லை. வீட்டுக்குள் ஒரு மேசையும் கணினியும் இருப்பதால் மட்டும் அது வணிகக் கட்டடமாகிவிடுவதுமில்லை.

ஆனால் அந்தப் பதிலோடு விடயம் முடிந்துவிடவில்லை. சட்டம் கேட்பது 'இந்த வீட்டில் தொழில் நடக்கிறதா?' என்பதை மட்டுமல்ல. அந்தத் தொழிலை யார் நடத்துகிறார், அங்கு யார் வேலை செய்கிறார், அதே கூரையின்கீழ் வேறு யார் உறங்குகிறார் என்பவற்றையும் அது கேட்கிறது.

மூன்று சட்டங்கள், மூன்று கேள்விகள்

ரொறன்ரோவில் வீட்டு அலுவலகம் ஒன்று மூன்று தனித்தனிச் சட்டங்களின் பார்வைக்குள் வருகிறது. முதலாவது, நகராட்சியின் 569-2013 இலக்க நிலப்பயன்பாட்டு வலயச் சட்டம். வீட்டுத் தொழிலை இது நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. வீட்டிலிருந்து பொருட்களை நேரடியாக விற்பது போன்றவற்றைத் தடுக்கிறது. மார்க்கம் உள்ளிட்ட அயல் நகராட்சிகளுக்கு அவற்றுக்கேயுரிய வலயச் சட்டங்கள் உள்ளன.

இரண்டாவது, மாகாணத்தின் கட்டட விதிக்கோவை. குடியிருப்பையும் அலுவலகத்தையும் வெவ்வேறு பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கும் இந்த விதிக்கோவை, 'வாழவும் தொழில் செய்யவுமான குடியிருப்பு' என்ற இடைநிலை வகை ஒன்றையும் வரையறுத்துள்ளது. குடியிருப்பே பிரதானமாக இருந்து, தொழில் துணைப் பயன்பாடாக அமைந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அதனை நடத்துவது இவ்வகையின் அடிப்படை.

குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அந்த அறைகளை அலுவலகமாக வாடகைக்கு விட்டால் நிலைமை வேறாகிறது. அது வீட்டின் துணைப் பயன்பாடாக இராமல், தனியொரு வணிகப் பயன்பாடாகப் பார்க்கப்படலாம். குடியிருப்புக்கும் அத்தகைய அலுவலகத்துக்கும் இடையே, பொதுவாக ஒரு மணி நேரம் தீயைத் தாங்கக்கூடிய தடுப்பு அமைய வேண்டும் என்பது விதி.

இங்கு பலரும் அறியாத அம்சம் ஒன்று உண்டு. ஒன்ராறியோவின் 1992ஆம் ஆண்டு கட்டட விதிக்கோவைச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி, கட்டடத்தின் பயன்பாடு மாறுவதால் அபாயம் கூடுமாயின், ஒரு சுவரைக்கூட இடிக்காமல் இருந்தாலும் அனுமதி பெற வேண்டும். 'நாங்கள் எதையும் கட்டவில்லையே' என்பது சட்டத்தின்முன் எடுபடும் வாதமல்ல.

மூன்றாவது, ஏற்கனவே உள்ள கட்டடங்களுக்கான தீப்பாதுகாப்பு விதிக்கோவை. ஒவ்வொரு தளத்திலும், உறங்கும் இடங்களுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2006 மார்ச் முதல் மாகாணம் முழுவதும் கட்டாயமாக உள்ளது. தீப்பாதுகாப்பு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டாலர் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

அமெரிக்கா வகுத்த எல்லைக்கோடு

இந்த விடயத்தில் அமெரிக்காவின் மாதிரி விதிக்கோவைகள் சற்றுத் தெளிவான கோட்டை வரைந்துள்ளன. அங்கு பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதிக்கோவை, 2009ஆம் ஆண்டுப் பதிப்பில், வாழவும் தொழில் செய்யவுமான குடியிருப்புகளுக்கெனத் தனிப் பிரிவைச் சேர்த்தது. குடியிருப்பின் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவான அலுவலகம் இருந்தால் அது வீடாகவே கருதப்படும். அதற்கு மேற்பட்டால் அது கலப்புப் பயன்பாடாகி, நீர்த்தெளிப்பான் கட்டாயமாகும். மொத்தப் பரப்பு 3,000 சதுர அடிக்கும், தொழிலுக்கான பகுதி அதில் பாதிக்கும், வெளி ஊழியர் எண்ணிக்கை ஐந்துக்கும் மேற்படக் கூடாது என்ற வரம்புகளும் விதிக்கப்பட்டன.

அதே 2009இல், வீடுகளுக்கான அமெரிக்க மாதிரி விதிக்கோவை, புதிய வீடுகள் அனைத்துக்கும் நீர்த்தெளிப்பானைப் பரிந்துரைத்தது. கலிபோர்னியாவும் மேரிலாந்தும் அதனை ஏற்றன. ஆனால் வீடு கட்டும் நிறுவனங்களின் எதிர்ப்பையடுத்து மாநிலங்கள் பல அதனை நீக்கிவிட்டன. கனடாவில் வான்கூவர் நகரம் 1990ஆம் ஆண்டிலேயே புதிய வீடுகளுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. ரொறன்ரோ அந்த வழியில் செல்லவில்லை.

கருவி எப்படி இயங்குகிறது?

நீர்த்தெளிப்பான் குறித்து நிலவும் அச்சங்களில் பல திரைப்படக் காட்சிகளிலிருந்து வந்தவை. புகை பட்டதும் வீடு முழுவதும் நீர் கொட்டும் என்ற எண்ணம் தவறானது. ஒவ்வொரு தெளிப்பான் முனையும் வெப்பத்தால் தனித்தனியே திறப்பது. சுமார் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதிலுள்ள சிறு கண்ணாடிக் குமிழ் உடைய, தீக்கு அருகிலுள்ள முனை மட்டும் நீரைத் தெளிக்கிறது. வீட்டுத் தீக்களில் பெரும்பாலும் ஓரிரு முனைகள் திறப்பதே போதுமானதாகிறது. கோப்புகளும் கணினிகளும் நனைந்துவிடும் என்று அஞ்சுவோர், தீயணைப்புப் படையினரின் குழாய் அதைவிடப் பல மடங்கு நீரைப் பாய்ச்சும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நேரமே இங்கு முக்கியமானது. அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரீஸ் நிறுவனம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை ஒன்றில், பழைய பாணி மரத் தளபாடங்களும் பருத்தியும் நிறைந்த அறை முழுமையாகத் தீப்பற்ற 29 நிமிடங்கள் எடுத்தன. இன்றைய செயற்கை நுரையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அறையோ நான்கு நிமிடங்களுக்குள்ளேயே முழுமையாகத் தீப்பற்றியது.

செலவும் குளிரும் எதிர்வாதங்களாக முன்வைக்கப்படுகின்றன. புதிய வீடுகளில் இதனைப் பொருத்த, தெளிப்பான் பாதுகாக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் சராசரியாக 1.35 அமெரிக்க டாலர் செலவானதாக 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. பழைய வீட்டின் கூரையைத் திறந்து குழாய் பதிப்பது இதைவிடச் செலவு மிக்கது. உறைபனிக் காலத்தில் குழாய் வெடிக்கும் என்ற கவலை நியாயமானதே. எனினும் குழாய்களை வெப்பக் காப்புக்கு உட்புறமாக அமைப்பதன் மூலம் அதனைத் தவிர்க்கலாம்.

இழப்புக்குப் பின் வரும் சட்டம்

ஒன்ராறியோவின் அனுபவம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. மூன்று மாடிகளுக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு நீர்த்தெளிப்பான் கட்டாயமானது 2010 ஏப்ரலில்தான். 2009இல் ஒரில்லியா நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் நேர்ந்த தீயில் நால்வர் உயிரிழந்தனர். முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அது கட்டாயமாகும் என்ற முடிவு 2013இல் வந்தது. சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வருகிறது.

வீட்டு அலுவலகங்களைப் பொறுத்தவரை, கவலைக்குரியது அலுவலக மேசை அல்ல. அதே வீட்டில் உறங்குபவர்களே. நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக் குடும்பமோ மாணவர்களோ, மேலே உரிமையாளர் குடும்பம், இடையே வாடிக்கையாளர் வந்துபோகும் அலுவலகம் என்று ஒரே வீடு மூன்றாகப் பிரியும்போது, ஒரு பகுதியில் எழும் தீயை மற்றவர் அறிவதற்குள் வெளியேறும் வழி அடைபட்டுவிடக்கூடும்.

இங்குதான் கட்டாயமில்லாத நீர்த்தெளிப்பான் பயனுள்ளதாகிறது. பழைய வீட்டை இரு குடியிருப்புகளாக்கும்போது, அவற்றுக்கிடையே 30 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும் என்பது பொது விதி. புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பிரிக்கும் தடுப்புக்கு 15 நிமிடமும் ஏற்கப்படலாம். கட்டடம் முழுவதும் நீர்த்தெளிப்பான் இருப்பின், தடுப்பின் தாங்குதிறன் குறித்த நிபந்தனை தளர்த்தப்படலாம். சட்டம் இதனைக் கட்டளையாக அல்ல, மாற்றுவழியாக முன்வைக்கிறது.

ஆனால் இந்த மாற்றுவழியைக் கேட்டறிவதற்கு நகராட்சியின் கதவைத் தட்ட வேண்டும். பலரும் தயங்குவது அங்குதான். அதிகாரிகள் வந்தால் தொழிலை மூடச் சொல்வார்களோ, வாடகை வருமானம் நின்றுவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. அந்த மௌனத்துக்கும் விலை உண்டு. வீட்டில் தொழில் நடப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காதவர், தீ நேர்ந்தபின் இழப்பீடு மறுக்கப்படும் நிலைக்கு ஆளாகலாம். முறைப்பாடு கிடைத்தால் அதனை மதிப்பிட வேண்டிய கடப்பாடு 2014 முதல் தீயணைப்புத் திணைக்களங்களுக்கு உண்டு. ஆகவே அதிகாரிகள் ஒருபோதும் வரமாட்டார்கள் என்று கருதுவதற்கும் இடமில்லை.

அமெரிக்க விதியைப் போல ஒரு சதவீதக் கணக்கை ஒன்ராறியோ வகுத்துத் தந்திருந்தால், வீட்டு உரிமையாளர் அளவுநாடாவை வைத்தே தமது நிலையை அறிந்துகொள்ளலாம். அத்தகைய கோடு இல்லாத நிலையில், பயன்பாடு மாறிவிட்டதா என்பதை முதலில் கேட்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரரே. சட்டம் நீர்த்தெளிப்பானைக் கோரவில்லை என்பது, அந்த வீட்டுக்கு அது தேவையில்லை என்பதற்கான சான்றாகாது.