சாய்வெழுத்தும் கவிதை நூலும்

கையெழுத்தின் எழிலை ஈய அச்சுக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் வெனிஸ் நகரத்துச் சாய்வெழுத்து தலைமையானது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புலமையாளரிடையே, விரைந்து எழுதத்தக்கதாய் வலப்புறம் சற்றே சாய்ந்த எழுத்து வழக்கிலிருந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியசுக்காகப் பிரான்செஸ்கோ கிரிப்போ என்பார் எஃகில் எழுத்துருக்களைச் செதுக்கினார். தலைப்பெழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன.

1501இல் வர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அவ்வெழுத்தில் வெளிவந்தன. மேசைமேல் விரித்துப் படிக்கும் பெருநூலாயிருந்த காவியம் கைக்கு அடக்கமாயிற்று. சுற்றிச் சூழ்ந்த உரைகள் நீங்கிப் பாட்டு மட்டுமே நின்றது.

அந்நூலிலேயே கிரிப்போவின் கைத்திறனை ஆல்டஸ் பாராட்டினார். ஆயினும், 1502இல் வெனிஸ் ஆட்சிமன்றம் வழங்கிய தனியுரிமை பதிப்பாளருக்கே உரியதாயிற்று. கிரிப்போ பிரிந்து சென்று, சோன்சினோ என்னும் அச்சகத்தாருக்குப் புதிய சாய்வெழுத்தை வெட்டினார். 1503இல் பெட்ரார்க்கின் கவிதைகளை வெளியிட்ட சோன்சினோ, அவ்வடிவைக் கண்டவர் கிரிப்போவே என்று முன்னுரையில் வழக்குரைத்தார். புகழுரை வேறு, உரிமை வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முழுக் காவியத்தைத் தாங்கிய அவ்வெழுத்து, இன்று உரோமன் எழுத்து நூல்களில் பெரும்பாலும் நூற்பெயரையும் அயற்சொல்லையும் பிரித்துக் காட்டவே பயன்படுகிறது. பாட்டுக்குரியவர் பெயர் அட்டையில் நிலைக்கும். அப்பாட்டுக்கு வடிவு தந்த கைக்குரியவர் பெயரையும் நூலில் ஓரிடத்தில் பொறித்து வைத்தல் கவிஞர்தம் கடனாகும்.